ஆற்றில் அசைந்த உதடுகள்

புதுச்சேரிக் கொட்டகையில் பிரெஞ்சு நாவலொன்றின் ஊமைப்படம் ஓடியது. கதைப்படி நாயகி ஆற்றில் குதித்தாள். ‘என்னை மன்னித்துவிடு’ என்றது திரையில் வந்த எழுத்து, அரங்கம் விம்மியது. சிறுவயதில் செவியிழந்து, பிரெஞ்சுக்காரர் வீட்டில் உதடுகளைப் பார்த்தே ஏவலறிந்து வேலைசெய்த பிலோமினா துள்ளி எழுந்தாள். திரையில் நாயகியின் உதடுகள் மன்னிப்புக் கேட்கவில்லை. இடுப்பில் கட்டிய காப்புக் கயிறு அவிழ்ந்துவிட்டது, தூக்குங்கள் என்று படமெடுப்பவர்களிடம் மன்றாடின.

“நிறுத்துங்க! அவ நெசமாவே முழுகுறா!”

அக்கா செசிலி அவள் முகத்தைத் தன்பக்கம் திருப்பினாள். “உக்காருடி, மானத்த வாங்காத. கதையில அவ சாகத்தான் வேணும்.”

நீர் மூடிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வாசலில் அடுத்த காட்சிக்கு வந்தவர்களைப் பிலோமினா மறித்து நின்றாள். செசிலி அவளை ஓரமாக இழுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்களிடம் சொன்னாள்: “போய்ப் பாருங்க, என்னமா நடிச்சிருக்கா!”