சம்பந்தியம்மா தொடாத பாத்திரம்

"தினேஷு, அந்தக் குண்டான் அடியில இன்னும் கறுப்பு இருக்குது பாரு. நல்லா அழுத்தித் தேய்ப்பா!"

வாசலில் செருப்பைக் கழற்றிய வடிவாம்பாளின் காதில் முதலில் விழுந்தது சம்பந்தியம்மாவின் இந்தக் குரல்தான். மகள் புவனாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்டிவிட்டுப் போகலாமென்று, வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையார்பாளையத்துச் சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தாள்.

பின்கட்டில் மாப்பிள்ளை தினேஷும் அவன் அப்பா சபாபதியும் எவர்சில்வர் குவியலுக்கு நடுவே குந்தியிருந்தார்கள். முழங்கை வரை சோப்பு நுரை. சம்பந்தியம்மா மங்கையர்க்கரசியோ நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, வாங்க சம்பந்தியம்மா! கல்யாணத்துக்குன்னு பரண்லேர்ந்து எல்லாத்தையும் இறக்கினோம். இவங்க தேய்ச்சிக்கினு இருக்காங்க."

"நீங்க தேய்க்கலையா?"

"நான் பாத்திரத்தைத் தொட்டு ஒரு மாசம் ஆவுதுங்க" என்றாள் அவள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

பெற்ற பிள்ளைக்கும் கட்டின புருஷனுக்குமே இந்தக் கதியென்றால், அடுத்த மாசம் வரப்போகிற புவனாவின் கதி? இந்தக் கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்றுகூட வடிவாம்பாள் நினைத்தாள்.

அதற்குள் தினேஷ் கம்பி நாரை எடுத்துக் குண்டானைப் பிறாண்ட ஆரம்பித்தான். எவ்வளவு கோபமிருந்தாலும், நல்ல பாத்திரத்தில் கீறல் விழுவதை எவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

"அய்யய்யோ, நிறுத்துங்க மாப்பிள்ளை!" புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். "சமையல் சோடா போட்டுத் தண்ணியைக் கொதிக்க வெச்சா, அடிப்பிடிச்சது தானா ஊறிக்கினு வரும். இந்த உப்புத் தண்ணிக் கறைக்கு எலுமிச்சம்பழத் தோலே போதும். ஈரத்தோட வெக்கக் கூடாது, காஞ்ச துணியால துடைச்சிடணும்."

அரை மணி நேரத்தில் குண்டான் பளபளத்தது.

"சூப்பர் அத்தை!" என்றான் தினேஷ். சபாபதி அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எம்பொண்ணு வந்தா இதையெல்லாம் யாரு தேய்க்கறது?"

மங்கையர்க்கரசி டம்ளரை வைத்துவிட்டு அவளை முன்னறைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த தறியின்மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள்.

அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் புடவை. முக்கால்வாசி நெய்தாகிவிட்டது.

"பாத்திரம் தேய்ச்சா கை சொரசொரன்னு ஆயிடும்மா. பட்டு இழை விரல்ல மாட்டிக்கினு பிசிர் எழும்பும். இது நம்ம புவனா முகூர்த்தப் புடவை. ஒரு பிசிர்கூட வரக்கூடாதுன்னு, பாத்திரமெல்லாம் நீங்க பாருங்கன்னு இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன். நல்லாப் பழகிட்டாங்க. புவனா வந்தப்புறம் மட்டும் எதுக்கு விடறதாம்?"

சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க, கட்டுறப்போ தெரிஞ்சிக்கட்டும்."

வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷியையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. புடவையைத் தொடக் கையை நீட்டியவள், விரலெல்லாம் சோடாவும் எலுமிச்சையுமாக இருப்பதைப் பார்த்துச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகணுமென்று பிடித்து வைத்து, வடை பாயசத்தோடு அனுப்பினார்கள். தெருமுனைக்கு வந்ததும் வடிவாம்பாள் போனை எடுத்துத் தன் வீட்டுக்குப் பேசினாள்.

"துர்கா, காலையில உன்னைத் தேய்க்கச் சொல்லி ஒரு அண்டா நிறைய பாத்திரம் போட்டுட்டு வந்தேனே, அதை அப்படியே வெச்சிடும்மா. நான் வந்து தேய்ச்சிக்கறேன்."

அந்தப் பக்கமிருந்து அவள் மருமகள் துர்காதேவியின் குரல், பயந்து பயந்து வந்தது.

"ஹலோ... எங்க அத்தை போன்லேர்ந்து பேசறது யாருங்க?"