பாசி கோர்க்கும் பரீட்சை

"இந்த மனுசனைக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்று பல்லைக் கடித்தாள் கலைச்செல்வி.

மும்பை செம்பூரில், சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் புருசன் சுடலைக்கண்ணன் கயிற்றில் மரப் பாசிமணி கோர்த்துக்கொண்டிருந்தான். கோர்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்லவேண்டும். மூன்று நிமிஷமாக முதல் பாசியே ஏறவில்லை.

இத்தனைக்கும் பரீட்சை அவனுக்கில்லை. ஏழு வயது மகள் யாழினிக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளை. கையும் காலும் அவள் சொன்னபடி எவ்வளவு கேட்கின்றன என்று பார்க்கிற பரீட்சை.

போன வாரம் கலைச்செல்விதான் செய்து காட்டினாள். பத்துப் பாசியும் மடமடவென்று ஏறின. யாழினி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் கை வரலையா, இல்ல நாம கேக்கிறதே புரியலையான்னு தெரியல" என்று தெரபிஸ்ட் ரஞ்சனா இந்தியில் சொன்னாள். "ரெண்டுக்கும் பயிற்சி வேற வேற. தப்பா எழுதிட்டா பிள்ளைக்கு ஒரு வருஷம் வீண். அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அவர் செஞ்சா பாக்கிறாளான்னு பாப்போம்."

சுடலைக்கண்ணன் தாராவியிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். "நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று ரஞ்சனா கயிற்றை நீட்டியதும் தலையைச் சொறிந்தான். மகளைப் பார்த்தான். சரியென்று உட்கார்ந்துவிட்டான்.

பாசி நழுவி மேஜைக்கு அடியில் ஓடியது. தவழ்ந்து போய் எடுத்தான். மறுபடி ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்த இரண்டு அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன செய்யுதிய? இத்தனை வருசமா பேக் தைக்கிற பட்டறையில இருக்கிய, ஒரு கயிறைப் பிடிக்கத் தெரியலியா?"

"சும்மா இருட்டி." அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் யாழினி மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினாள். அப்பாவின் கையையே பார்த்தாள். பாசி மூன்றாவது தடவையும் உருண்டது.

அதற்குமேல் யாழினியால் பொறுக்க முடியவில்லை. கயிற்றை வெடுக்கென்று பிடுங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தும் ஏறிவிட்டன!

ரஞ்சனாவின் பேனா ஓடியது. "அப்பா, இப்போ ஒத்தைக் கால்ல நில்லுங்க."

நின்றான். இரண்டே நொடியில் சாய்ந்து சுவரைப் பிடித்தான். யாழினி பக்கத்தில் போய் நின்று தானும் ஒரு காலைத் தூக்கினாள். தள்ளாடினாள். பிடிக்கப் போன அப்பாவையும் இழுத்துக்கொண்டு பாயில் விழுந்து, கிளுகிளுவென்று சிரித்தாள்.

"விரல்ல குறையே இல்ல. நிக்கிறதுலதான் தடுமாற்றம். அதுக்குப் பயிற்சி குடுத்துடலாம்" என்றாள் ரஞ்சனா. "ஆனா என்னமா நடிச்சீங்க! பேக் பட்டறைக்காரருக்குப் பாசி கோக்க வராதா என்ன?"

சுடலைக்கண்ணன் பல்லைக் காட்டினான்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கலைச்செல்விக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாரு முன்னாலயும் ஏசிப்போட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய. புள்ளைக்காக இம்புட்டு நடிப்பியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் யாழினியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நடிக்கலட்டி."

"என்னது?"

"சின்னப்புள்ளையில இருந்தே எனக்குக் கை இப்படித்தான். பட்டறையில தையலுக்குன்னுதான் சேந்தேன். ஒரே வாரத்துல மூட்டை தூக்கப் போட்டுட்டாவ. ஒரு பட்டன்கூடத் தைக்கத் துப்பில்லாத சோம்பேறின்னு நீ ஏசுவ. வெளிய சொல்ல வெக்கம், சோம்பேறின்னே இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

கலைச்செல்வி நடுரோட்டில் நின்றுவிட்டாள். அவன் முகத்தில் மட்டும் அப்படியொரு பூரிப்பு.

"எனக்கு வராதது எம்மவளுக்கு வந்துட்டு, பாத்தியாட்டி?"