ஊர் தாண்டிப் போன முதுகுவலி

“பேரு சொல்லுங்க.”

“ருத்ரமூர்த்தி. மைசூரு, கோகுலம்.”

சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூலையில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர்தான் புரையேறியது போல இருமினார்.

மாஸ்க்கும் குல்லாயுமாக, இடுப்பைப் பிடித்தபடி நின்றவரின் உண்மையான பெயர் நாகபூஷண். மைசூரின் கோகுலம் பகுதியில் அஷ்டாங்க யோகம் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் முதுகை வளைக்கக் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள். அவரோ மண்டியாவுக்கு பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒரு எலும்பு டாக்டரைத் தேடி வந்திருந்தார்.

போன வாரம், நின்றபடியே பின்னால் வளைந்து தரையைத் தொட்டுக் காட்டியபோது இடுப்பில் ஏதோ சொடுக்கியது. “எல்லாரும் சவாசனம்!” என்று சொல்லிவிட்டு அவரும் படுத்துவிட்டார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்பது அவர் மனைவி கிரிஜாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“மைசூருல இல்லாத டாக்டரா?” என்று கேட்டாள் அவள்.

“யாராவது பார்த்துட்டா? மாஸ்டருக்கே முதுகு போச்சுன்னு தெரிஞ்சா, மறுநாளே பாயைச் சுருட்டிக்கிட்டு அடுத்த தெரு ருத்ரமூர்த்திகிட்டப் போயிடுவாங்க.”

“ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்துறீங்க. உங்க முதுகை பஸ் ஏத்தி அனுப்ப வேண்டியிருக்கு!”

ருத்ரமூர்த்தியும் அவரும் ஒரே குருவிடம் படித்தவர்கள். இப்போது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ‘அந்த ஆளிடம் போனால் முதுகு போய்விடும்’ என்று இருவருமே தங்கள் மாணவர்களை எச்சரிப்பது வழக்கம். அதனால்தான் சீட்டு எழுதும் பெண் கேட்டதும் அந்தப் பெயர் நாக்கில் வந்து நின்றது. விஷயம் வெளியே கசிந்தாலும் நாறப்போவது அவன் பெயர்தானே?

மனசுக்குள் மட்டும் ஏதோ உறுத்தியது. அன்று காலை வகுப்பில் ஒரு பிரேசில் நாட்டுப் பெண், “குருஜி, யாருக்கும் கெடுதல் இல்லாத சின்னப் பொய் சொல்லலாமா?” என்று கேட்டிருந்தாள்.

“கூடாதும்மா. ஆசனம் மூணாவது படிதான். சத்தியம் முதல் படியிலேயே இருக்கு. அதுல வழுக்கினவன் அதுக்கு மேல என்ன வளைஞ்சாலும் அது சர்க்கஸ்தான்” என்றார் அவர். அவள் கண் கலங்கி அவர் காலைத் தொட்டாள். குனிந்து தூக்கிவிட அவரால் முடியவில்லை.

மஃப்ளர் ஆசாமி, தொண்டையில் உரசி, கடல் இரைவது போல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்துமாவோ என்னவோ என்று பயந்து, நாகபூஷண் தள்ளிப்போய் ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னய்யா, இடுப்பா? மூட்டை தூக்கினீங்களா?” அந்த அம்மாளின் முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது.

“ஆமாம்மா. மளிகைக்கடை.”

“இந்த வயசுல மூட்டை எதுக்கு? பேசாம யோகா கத்துக்கோங்க. உடம்பு ரப்பர் மாதிரி ஆயிடுமாம்.”

“அதெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா” என்றார் நாகபூஷண். சொன்னதும் அவருக்கே காது கூசியது.

உள்ளேயிருந்து மணி அடித்தது. சீட்டு எழுதும் பெண் குரல் கொடுத்தாள்.

“கோகுலம் நாகபூஷண்! உள்ள போங்க.”

அவருக்கு வியர்த்துவிட்டது. இவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார்கள். கதவுப் பக்கம் பார்த்தார். ஓடலாமென்றால் இடுப்பு ஒத்துழைக்காது.

“நாகபூஷண் இருக்காரா, எழுந்து போயிட்டாரா? யாருய்யா அது?”

காலையில் காலைத் தொட்ட அந்தப் பெண்ணின் கலங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. போதும் என்று தோன்றியது. பொய்யைச் சுமப்பதைவிட வலியைச் சுமப்பது சுலபம். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெல்ல எழுந்தார். மாஸ்க்கைக் கழற்றினார். இத்தனை நாளில் முதல்முறையாக மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் மூலையில் இருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மஃப்ளர் நழுவியது. அடுத்த தெரு ருத்ரமூர்த்தி, நாகபூஷணை நேருக்கு நேராகப் பார்த்தபடியே சொன்னார்:

“நான்தாம்மா நாகபூஷண்.”