மெமரியில் குறை இல்லை

மேசை விளக்கின் கீழே அக்காவின் மடிக்கணினி திறந்து கிடக்கிறது. அதைப் பழுது பார்க்கும் அவள் தம்பி மூன்றாவது முறையாக அதன் சேமிப்பகத்துக்கு வேகச் சோதனையை ஓட்டுகிறான். நொடிக்கு ஐந்நூறு எம்.பி.யில் தொடங்கும் எண் முப்பதுக்குச் சரிந்து, பூஜ்யத்தில் நின்றுவிடுகிறது. ஏழு வருடம் காடுகாடாக அலைந்து அவள் பதிவுசெய்த பறவைக் குரல்கள் அத்தனையும் அந்த எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. "இதுதான் வேகமா இருக்கும்னு நீதானேடா வாங்கிக் கொடுத்தே?" என்கிறாள். குரலில் கோபமே இல்லை. சாகக் கிடப்பது அந்த எஸ்.எஸ்.டி.தான் என்று அவனுக்குத் தெரியும். "ராம் மெமரில ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று அவளே கேட்கிறாள். மெமரியை அவன் காலையிலேயே சோதித்துவிட்டான். ஒரு பிழையும் இல்லை. "இருக்கலாம்க்கா," என்கிறான். மெமரிப் பட்டையைக் கழற்றி, பொன்னிற விளிம்பை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கிறான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் விரல்களையே பார்க்கிறாள்.