எண்ணும் வாசல்

"மிஷினோட ஒயரைப் பிடுங்கி விட்டது நீதானேம்மா? உண்மையைச் சொல்லிட்டா போலீஸ் வரைக்கும் போகாம முடிச்சுக்கலாம்" என்றார் மேனேஜர், சுழல் நாற்காலியில் பாதி வட்டம் சுற்றியபடி.

எதிரே நின்றவள் ஸ்டோர்கீப்பர். பதினோரு வருஷமாக இந்தப் பெயின்ட் கோடவுனின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. கணவர் முதுகு வலியோடு வீட்டில் படுத்திருக்க, மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்க, வீட்டுக்கு வரும் ஒரே சம்பளமும் அவளுடையதுதான்.

மிஷின் என்று அவர் சொன்னது, கோடவுன் வாசலில் இரண்டு பக்கமும் நட்டிருந்த ஆளுயரக் கம்பங்களை. ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். சில்லு வைத்த ஸ்டிக்கர் அந்த வாசலைத் தாண்டினால் போதும், கம்பங்கள் ரேடியோ அலையில் அதைப் படித்து, எத்தனை டப்பா போனது என்று இங்குள்ள திரையிலும் தலைமை அலுவலகத்திலும் காட்டிவிடும். மேனேஜர் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, இந்த விஷயத்தில் நிபுணராகத் திரும்பியிருந்தார்.

முதல் வாரம் மிஷின் பல்லை இளித்தது. நானூறு டப்பா வெளியே போனால் பதினேழு என்றது.

"தகர டப்பா மேல ஒட்டினா படிக்க மாட்டேங்குது சார். ஒரு தடவை உள்ள வந்து பாருங்களேன்" என்று ஸ்டோர்கீப்பர் அப்போதே சொன்னாள்.

கோடவுனுக்குள் போனால் ஷூவில் தூசி ஒட்டுமே, போவாரா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்கா ஒட்டத் துப்பில்லை, மிஷினைக் குறை சொல்ல வந்துட்டா!" என்று ஆபீஸே கேட்கும்படி சிரித்தார். இனி ஒரு டப்பா குறைந்தாலும் வேலை போய்விடும் என்று மெமோவும் கொடுத்தார்.

மெமோவுக்கு என்ன சக்தியோ, மறுநாளிலிருந்து நாற்பது நாள் ஒரு டப்பாகூடப் பிசகவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் அதற்குச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். லோடு ஏற்றும் ஆட்களிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. டெக்னாலஜி தெரியாதவர்களோடு நிபுணருக்கு என்ன பேச்சு?

போன புதன்கிழமைதான் மானம் கப்பலேறியது. அன்று மூன்று லாரி நிறையச் சரக்கு கிளம்பியது. திரையில் பூஜ்ஜியம். மறுநாள் சாயங்காலம் மிஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனார்.

"மிஷின்ல கோளாறு இல்லேன்னா மனுஷங்ககிட்டதான் கோளாறு" என்று மேனேஜர் இப்போது மேஜையைத் தட்டினார். "புதன்கிழமை லீவுல இருந்தது யாரு? நீ. வியாழக்கிழமை நீ வந்ததும் மிஷின் கரெக்டா எண்ண ஆரம்பிச்சிடுச்சு. யார் காதுல பூ சுத்துற?"

"மாமியாருக்குக் கண் ஆபரேஷன் சார், அதுக்குத்தான் லீவு. நான் ஒண்ணு சொல்லிடறேன் சார், அந்த மிஷின்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் வேலையை மிஷின் பறிச்சுடும்னு வயித்தெரிச்சல். அதான் போற அன்னிக்கு ஒயரைப் பிடுங்கிட்டு, வந்த அன்னிக்கு மாட்டிட்ட. சாவியை வச்சிட்டுக் கிளம்பு."

இந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினாள்.

மத்தியானமே அவளுடைய இடத்தில் மேனேஜரின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். "டப்பாவைத் தொடவே வேண்டாம்டா மாப்ளே. திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா போதும்" என்று அக்கா புருஷன் உறுதி கொடுத்திருந்தார். அவனுக்கு ஏற்ற வேலைதான்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். இதே மிஷினை மற்ற ஒன்பது கோடவுன்களிலும் வைக்கலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்யும் திட்டம். மேனேஜர் அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, மாயாஜாலக்காரர்போலக் கையை வீசிக் காட்டினார்.

டப்பாக்களை அடுக்கிக்கொண்டு முதல் வண்டி வாசலைத் தாண்டியது. பூஜ்ஜியம்.

பின்னால் வந்து இன்னொரு தடவை தாண்டியது. பூஜ்ஜியம். மச்சினன் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்துப் பார்த்தான்.

"பாத்தீங்களா சார்? போற போக்குல திரும்பவும் தன் வேலையைக் காட்டிட்டா!" என்று மேனேஜர் குதித்தார். "இவளைச் சும்மா விடக் கூடாது சார்!"

முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, வாசலோரம் நின்ற லோடு மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஏம்பா, இது எப்பவும் இப்படித்தானா?"

"சேச்சே, இல்லீங்க முதலாளி" என்றார் மேஸ்திரி, பளிச்சென்று. "தினமும் டப்பாவை எண்ணி, அத்தனை ஸ்டிக்கரையும் ஒரு அட்டையில ஒட்டி, அந்த ஸ்டோர் அக்காதானே கையில பிடிச்சுக்கிட்டு வாசலைத் தாண்டுவாங்க!"