மேசைமேல் இரண்டு கொக்கிகள்

மேலாளரின் மேசைமேல் இரண்டு கிரேன் கொக்கிகள் கிடக்கின்றன. ஒன்று முழுசாக, எண்ணெய் மினுமினுப்போடு. இன்னொன்று இரண்டாக உடைந்தது. உடைந்த முகம் ஜன்னல் வெயிலில் உப்புக்கல்லாய் மின்னுகிறது, நடுவே கடுகளவு ஓட்டை. "அலாய் ஸ்டீல காய்ச்சி அடிக்க அடிக்க உள்ள நார் நாரா இறுகிடும் சார். பாரம் கூடினா வளைஞ்சு காட்டும், ஆளு விலகிக்கலாம். உருக்கி அச்சுல ஊத்துற வார்ப்பு அப்படியில்ல. சொல்லாம கொள்ளாம பட்டுனு போயிடும்," என்கிறார் மேலாளர், வாங்க வந்தவரிடம். சுவருக்கு அப்பால் சம்மட்டி இயந்திரம் இடிக்க இடிக்க, தட்டில் தேநீர்க் கோப்பைகள் நடுங்குகின்றன. தட்டை ஏந்தி நிற்பவளின் புருஷன் இங்கே கிரேனில் பாரம் மாட்டியவர். அடித்துச் செய்ததெல்லாம் விற்கத்தான் என்று, பட்டறையின் சொந்தக் கிரேனுக்கு இந்த வார்ப்புக் கொக்கியைப் போட்டிருந்தார்கள். அதன் கீழேதான் அவர் செத்தார். அதற்குப் பதிலாகத்தான் இவளுக்கு இந்த வேலை. "உடைஞ்சப்போ கீழ யாராவது இருந்தாங்களா?" என்று கேட்கிறார் வந்தவர். "சேச்சே, யாருமில்ல சார்." மேலாளர் அவளைப் பார்க்காமலே கையை நீட்டுகிறார். "ஏம்மா, அந்த உடைஞ்சத இப்படித் திருப்பி வை. சாருக்கு ஓட்டை தெரியட்டும்." அவள் தட்டை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் அதைத் தூக்குகிறாள். தோளில் கிடக்கும் துணியால் ஒருமுறை துடைத்து, வந்தவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வைக்கிறாள்.