நூற்றைந்து முடி

கோம்போ வாசிக்கும், நுனியில் குதிரைத்தலை செதுக்கிய மங்கோலியப் பிடிலுக்கு இரண்டே தந்திகள். பருத்த தந்திக்கு ஆண்குதிரையின் வால்முடி நூற்று முப்பது, மெல்லியதற்குப் பெட்டையின் வால்முடி நூற்றைந்து. மகள் சரங்குவா கல்யாணமாகித் தன் சிவலைப் பெட்டையோடு நானூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, மனைவி ஹந்த்மாதான் அதன் வாலிலிருந்து அந்த நூற்றைந்தை எண்ணி அறுத்துக் கொடுத்தாள். கடையில் நைலான் தந்தி கிடைக்கும். கோம்போவுக்குப் பிடிக்காது.

மூன்று மாதம் மெல்லிய தந்தி சொன்னபடி கேட்டது. கடந்த எட்டு நாளாகத்தான் தினமும் காலையில் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது. கோம்போ தினமும் தளர்த்தினார்.

"காஞ்ச காத்துல முடி இறுகும்" என்றார்.

"பொண்ணு போனதுலேர்ந்து இறுகிப்போனது உங்க மூஞ்சிதான்" என்றாள் ஹந்த்மா.

ஒன்பதாம் நாள் காலை மெல்லிய தந்தி இல்லை. அதைக் கட்டியிருந்த பட்டுநூல் மட்டும் முடிச்சவிழாமல் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

"அப்பா, திட்டாதீங்க. சிவலை கயித்த அறுத்துட்டு ஓடி எட்டு நாளாச்சு. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்..."

கோம்போ கூடாரக் கதவைத் திறந்தார். "இங்கதாம்மா நிக்குது" என்றார்.

ஹந்த்மா சீப்போடு போய் வாலைச் சீவினாள். அறுத்த இடத்தில் முடி மற்றதைப்போலவே நீளமாக இருந்தது. அந்தக் கற்றையிலிருந்து மட்டும், வில்லுக்குப் பூசும் பைன் பிசின் வெள்ளைப் பொடியாக அவள் கையில் உதிர்ந்தது. இரண்டு தடவை எண்ணினாள். நூற்றைந்து.

கோம்போ சிவலையின் கழுத்தை வெகுநேரம் தடவிக்கொடுத்தார்.

"நைலானே வாங்கிக்கலாம்" என்றார்.